பிரசவ மணியின் அடக்க விலை

மார்ச் 3, திங்கள்

செம்மணல்விளை வந்து சேர்ந்தேன். வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில், முப்பது வருட அனுபவமுள்ள ஒரு காஸ்ட் அக்கவுண்டண்டை இந்தச் செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கு அனுப்புகிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? மதுரையில் எங்கள் நிறுவனத்தில் அவனை டைரக்டர் என்று அழைக்கிறார்கள்.

வேலை இதுதான். புனித அன்னாள் மருத்துவமனை, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. மிஷன் மருத்துவமனைகளுக்கு நிதி தரும் அறக்கட்டளை ஒன்றுக்கு, இங்கே ஒரு பிரசவத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிய வேண்டுமாம். கர்ப்பகாலப் பரிசோதனை, சுகப்பிரசவம், சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடக்க விலை போட வேண்டும். மூன்று வாரம் அவகாசம்.

ஜூனியர் யாரையாவது அனுப்பலாமே என்றேன். டைரக்டர் தாவீது குணசீலன் தன் உயரமான முதுகு வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதுக்கு நீங்கதாண்ணே போகணும். வேற ஆளு போறது முறையில்ல" என்றான். முறையாம். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் ஏழு வருடமாக உட்கார்ந்திருப்பவன் முறையைப் பற்றிப் பேசுகிறான். மேல்செலவு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

விருந்தினர் அறையில் மின்விசிறி ஓடுகிறது. காற்றுதான் வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இந்த நாட்குறிப்பு என்னோடு போகப் போவது. ஆகவே ஒளிக்க ஒன்றுமில்லை. என் மகள் இரண்டு வருடத்துக்கு முன் குணசீலனின் மகனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தையும் இல்லை. மதம் எனக்குப் பொருட்டே அல்ல. அந்தப் பையன் வேறு எந்தக் கிறிஸ்தவர் வீட்டில் பிறந்திருந்தாலும் யோசித்திருப்பேன். ஊரில் அத்தனை வீடுகள் இருக்க, அவன் போய்க் குணசீலன் வீட்டில் பிறந்து வைத்திருக்கிறான்.

அவள் முழுகாமல் இருப்பதாக என் மனைவி காந்திமதி சொன்னபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அழைக்க வேண்டியவன் நான். அழைக்கவில்லை. ஆகவே அவள் மாமியாரின் ஊரில் இருக்கிறாள். அந்த ஊரும் செம்மணல்விளைதான் என்பது தற்செயல்.

மருத்துவமனைத் தலைவி டாக்டர் சிஸ்டர் அமலோற்பவத்தைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு மணி அடித்தது. சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். பெருக்குகிறவள் துடைப்பத்தோடு நிற்கிறாள். மருந்துக்கடைப் பையன் கையில் மாத்திரை அட்டையோடு நிற்கிறான். சத்தம் அடங்கியதும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

இங்கே ஒரு பிள்ளை பிறந்தால், பெண்ணுக்குத் துணையாக அவள் வீட்டிலிருந்து வந்தவர் சிற்றாலய மணியை ஒரு இழுப்பு இழுப்பாராம். ஆபரேஷன் தியேட்டர் தவிர மற்ற எல்லா இடத்திலும் வேலையை நிறுத்தி அந்தத் தாய்க்காக ஒரு வார்த்தை ஜெபிப்பார்களாம். தொண்ணூறு ஊழியர்கள். நான் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டதால் கேன்டீனில் மீனும் கறியும் கிடையாது. எல்லோரும் தியாகிகளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சாம்பார் சாப்பிடுகிறார்கள். நான் ஐம்பத்து நான்கு வருடமாக இதைச் சாப்பிடுகிறேன், ஒருவரும் பாராட்டியதில்லை.

மார்ச் 6, வியாழன்

பிரசவ அறைக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் யார் எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பத்து மாதிரிகள் எடுக்கத் திட்டம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பது, லூர்தம்மாள் என்ற ஆயா வந்து சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

முதல் பிரசவம் முடிந்ததும் நர்ஸ் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார் என்று கேட்டேன். "ரெண்டு ஜெபமாலை நேரம் அண்ணாச்சி" என்றாள்.

உள்ளே கடிகாரம் கிடையாதாம். இருந்தது ஓடவில்லையாம். வலி எடுத்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இவர்கள் ஜெபமாலை சொல்வார்களாம். இந்த வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையே எத்தனை 'அருள் நிறைந்த மரியே' போகிறது என்று வைத்துத்தான் இவர்களுக்குக் கணக்கு.

ஒரு ஜெபமாலை எத்தனை நிமிடம் என்றேன்.

"அது பொண்ணப் பொறுத்தது. சும்மா இருக்கையில மெதுவாச் சொல்லுவோம். வலி நெருக்கிட்டுன்னா நாங்களும் ஓடுவோம்லா."

அளவுகோலே ஓடுகிறது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இரவு உணவுக்கு முன் உட்கார்ந்து ஒரு மாற்று அட்டவணை தயாரித்தேன்: நிதான ஜெபமாலை, நடுத்தர ஜெபமாலை, விரைவு ஜெபமாலை.

மார்ச் 7, வெள்ளி

பிரசவ அறை வாசலில் நிற்கும் ஆணுக்கு இங்கே ஓய்வு கொடுப்பதில்லை. காலையில் என்னை யாருடைய புருஷன் என்று நினைத்தார்களோ, கையில் பிளாஸ்க்கைக் கொடுத்து வெந்நீர் வாங்கி வரச் சொன்னார்கள். நான் அதிகாரபூர்வ ஆய்வாளர் என்று எடுத்துச் சொன்னேன். சரி, போகிற வழியில் டீக்கடையில் ரஸ்க்கும் ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள் என்றார்கள்.

வாங்கி வந்தேன். துணைக்கு வருகிறவர்களின் சம்பளமில்லாத உழைப்பு என்று ஒரு தலைப்பு சேர்த்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

இன்று கர்ப்பகாலப் பரிசோதனை நாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று குறித்தேன்.

முதல் பெண்: எடை, ரத்த அழுத்தம், ஆலோசனை. ஒன்பது நிமிடம்.

இரண்டாவது: அதேதான். எட்டு நிமிடம்.

மூன்றாவது, நான்காவது: மேற்படி.

ஐந்தாவது: மஞ்சள் சுடிதார். கூட ஒரு வயதான அம்மாள். நடையில் சிரமம் தெரிகிறது. காலில் வீக்கம். முகம் இளைத்திருக்கிறது. ஆனால் இது இந்த மாதத்தில் சகஜம் என்று நர்ஸ் சொன்னார், கேட்டதற்கு. காத்திருக்கும்போது இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். நர்ஸ் கொடுத்த பாலைக் குடிக்காமல் யாரும் பார்க்காதபோது ஜன்னல் வழியே செடிக்கு ஊற்றினாள். எல்.கே.ஜி.யிலிருந்து இதே பழக்கம். நகம் கடிப்பதை இன்னும் விடவில்லை. டாக்டர் சொன்னதற்குச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நான் தற்செயலாக நின்றுகொண்டிருந்தேன். அதன் இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

நேரம்: குறிக்கவில்லை.

ஆறாவது பெண்ணிலிருந்து குறிப்பு இல்லை. தலைவலி.

மார்ச் 11, செவ்வாய்

மணியின் கணக்கு முடிந்தது. தொண்ணூறு பேர், சத்தம் அடங்கித் திரும்ப வேலையில் கை வைக்கிறவரை ஆளுக்கு ஒன்றரை நிமிடம். சராசரிச் சம்பளத்தால் பெருக்கினால் ஒரு பிரசவத்துக்கு நூற்று எண்பத்தாறு ரூபாய். மருத்துவப் பயன் ஏதுமில்லை. 'இவ்வழக்கத்தைக் கைவிடலாம்' என்று வரைவு அறிக்கையில் பரிந்துரைத்தேன்.

சிஸ்டரிடம் காட்டினேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "நூத்தி எண்பத்தாறு ரூபாய்தானா சார்? நான் ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மூன்று பதில்களும் வீண்.

மார்ச் 12, புதன்

குடும்பக் கட்டுப்பாடு என்ற தலைப்பு மட்டும் காலியாக இருக்கிறது. சிஸ்டரிடம் கேட்டேன். "எங்க திருச்சபை ஒழுங்குப்படி அது இங்க செய்யறதில்ல சார். இயற்கை முறை பத்திச் சொல்லிக் குடுப்போம். அவ்வளவுதான்" என்றார். அப்படியானால் செலவு பூஜ்யம் என்று எழுதினேன்.

மதியம் ஜீப் ஓட்டுநர் சந்தியாகுவோடு சந்தைக்குப் போனேன். புதன்கிழமைதோறும் காய்கறி வாங்க ஜீப் போகிறது. உள்ளே நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. சந்தை அரசு மருத்துவமனைக்கு அடுத்த காம்பவுண்டு. பெண்கள் மருத்துவமனை வாசலில் இறங்கிக்கொண்டார்கள். சந்தியாகு இரண்டு கிலோ கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் தூங்கினான். திரும்பும்போது பெண்களும் ஏறிக்கொள்ள, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தூக்கி வைப்பதுபோல ஏற்றி இறக்கினான். கத்திரிக்காய்க்காக இவ்வளவு நிதானமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

சிஸ்டரிடம் ஜீப்பைப் பற்றிக் கேட்டேன். "வழி கேக்கிறவங்கள வழியில எறக்கி விடுறோம் சார். அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, எந்தத் தலைப்பில் எழுதப் போகிறீர்கள் என்று விசாரித்தார். யோசித்து, 'காய்கறிப் போக்குவரத்து' என்று எழுதினேன். அறிக்கையின்படி இந்த மருத்துவமனையில் கத்திரிக்காயின் அடக்க விலை நாட்டிலேயே அதிகம்.

மார்ச் 13, வியாழன்

குணசீலன் போன் செய்தான். வரைவைப் படித்துவிட்டானாம். பிரமாதமாக இருக்கிறதாம். குறை சொல்லப் போகிறவன்தான் இப்படி ஆரம்பிப்பான்.

"அண்ணே, அந்த மணி சமாச்சாரம் மட்டும் பதினெட்டு, பத்தொன்பது வரைக்கும் அப்படியே இருக்கட்டும்ணே. அதுக்கப்புறம் எடுக்கச் சொல்றதுன்னா சொல்லிக்கலாம்."

ஏன் பதினெட்டு என்று கேட்டேன். சும்மாதான் என்றான். என் பரிந்துரை எதையும் உடனடியாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதில் அவன் ஏழு வருடமாகக் காட்டும் உறுதியை மெச்சத்தான் வேண்டும்.

பதினெட்டாம் தேதிக்கு என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியாது. டாக்டர்கள் சொல்லும் தேதி இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும் என்பது மட்டும் தெரியும்.

மார்ச் 15, சனி

காந்திமதி திடீரென்று வந்து இறங்கினாள். என் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாளாம். இரண்டு பைகள். ஒன்றில் பழைய மல் வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள், சுக்கு, பூண்டு, ஒரு டப்பா பிரசவ லேகியம்.

யாருக்கு என்று கேட்டேன். "ஒங்க முட்டிவலிக்கு" என்றாள். வேட்டித் துணி? "அதுவும் முட்டிவலிக்குத்தான்."

முப்பது வருடக் குடும்பத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். காந்திமதி பொய் சொல்லும்போது கேள்வி கேட்டால், அடுத்தது உண்மையைச் சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை. ஒரு உருண்டை லேகியம் வாங்கிச் சாப்பிட்டேன். முட்டி பரவாயில்லை.

விருந்தினர் அறையில் இடமிருந்தும் தெரிந்தவர்கள் வீட்டில் தங்குவதாகச் சொல்லிப் போய்விட்டாள். எந்தத் தெரிந்தவர்கள்? கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நீங்க மணிக்கு வெல போட்டுட்டு இருங்க. வந்து நிக்கணும்னு உள்ளவங்க வருவாங்க" என்றாள். இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பதில் இன்னும் தோன்றவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஒன்பதாவது மாதிரியும் முடிந்தது. பத்தாவதை இன்றே எடுத்திருக்கலாம், காலையில் ஒரு பெண் வந்தாள். அவசரமில்லை என்று விட்டுவிட்டேன். மாதிரிகளைச் சீராக இடைவெளி விட்டு எடுப்பதுதான் முறை.

முகம் மழித்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மஞ்சள் சுடிதாரைக் கொண்டுவந்தார்கள். இன்று நீல நைட்டி. காந்திமதியும் மாமியார் பிலோமினாவும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் நாற்காலியில் என் கோப்பைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். காந்திமதி என்னைக் கடக்கும்போது நிற்காமலே, "கோப்பு தலைகீழா இருக்கு" என்றாள்.

மூவரும் உள்ளே போனார்கள். பத்தாவது மாதிரி, தொடக்கம் என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் குணசீலன் வந்துவிட்டான். விடியற்காலையிலேயே மதுரையிலிருந்து கிளம்பியிருக்கிறான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவன் மகன் ஜெயந்தன் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறானாம், ரயில் எங்கோ நிற்கிறதாம். நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் குணசீலன் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வழக்கம்தானே என்று சுவரோரம் நின்றேன். இவன் என்னைப் பார்த்தான். எழுந்தான்.

"நீங்க உக்காருங்கண்ணே. இது ஒங்க எடம்."

ஏழு வருடம் கழித்துக் குணசீலன் எனக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தான். ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தேன். ஏனோ நினைத்திருந்த அளவுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவனையும் உட்காரச் சொன்னேன். டைரக்டர் வாளி மேல் உட்கார்ந்தார்.

உள்ளே ஜெபமாலை தொடங்கியிருந்தது. நிதானம். என் அட்டவணைப்படி கவலைப்பட ஏதுமில்லை. லூர்தம்மாள் வந்து பிளாஸ்க்கைக் கொடுத்தாள். இருவருமே கையை நீட்டினோம். ஆளுக்கொரு தடவை போய் வந்தோம்.

மதியம் நடுத்தர வேகத்துக்கு மாறியது. சாப்பிடப் போகலாமா என்று குணசீலன் கேட்டான். நான் போகவில்லை, அதனால் அவனும் போகவில்லை. அதன் பிறகு விரைவு. அதையும் தாண்டி வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடின. இந்த வேகம் ஒன்பது மாதிரிகளில் நான் கேட்டதில்லை. அட்டவணையில் இதற்குத் தலைப்பே கிடையாது. இடையில் அவள் குரல் கேட்டது. பிறகு ஜெபமாலை சட்டென்று நின்றுவிட்டது.

நின்றால் என்ன அர்த்தம் என்று நான் லூர்தம்மாளிடம் கேட்டு வைத்திருக்கவில்லை. ஆய்வில் இது பெரிய ஓட்டை. குணசீலனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே யாரும் சொல்லாத ஜெபத்தை வெளியே யாரோ முணுமுணுப்பது கேட்டது. குணசீலன் வாய் மூடியிருந்தது. தினமும் காதில் விழுந்தால் யாருக்கும் மனப்பாடமாகும். திருநீறு இட்ட நெற்றிக்கு இதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு அழுகைச் சத்தம். சின்னதாக, கோபமாக, நியாயம் கேட்பதுபோல. எங்கள் வீட்டுக் குரல்.

கதவு திறந்தது. லூர்தம்மாள் முகமெல்லாம் வியர்வையோடு நின்றாள்.

"பொம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொவம். மணி இழுக்கணும், பொண்ணு வீட்டுல இருந்து யாரு வந்திருக்கிய?"

குணசீலன் வாளியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றான். அவனுக்கு அந்த முறை தெரியும். காந்திமதி உள்ளே இருந்தாள், கூப்பிட்டால் வருவாள். லூர்தம்மாள் இன்னொரு தடவை கேட்டாள். பத்துப் பன்னிரண்டு நாளாக எனக்கு பிளாஸ்க் கொடுத்தவள், என்னை நேராகப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க ஆபீஸ் சோலிக்குத்தான வந்திருக்கிய?" என்றாள்.

"இல்ல" என்றேன். "நான் கல்யாணியோட அப்பா."

இரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லாததால் குரல் சரியாக வரவில்லை. தண்ணீரில் உப்பு அதிகம் இந்த ஊரில்.

மணியை இழுத்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு இழுப்பு என்பது எனக்குத் தெரியும், அறிக்கையில் எழுதியவனே நான்தான். முதல் இழுப்பில் கயிறு தளர்வாக இருந்ததால் சத்தம் போதவில்லை என்று பட்டது. இரண்டாவது சரியாகவே இருந்தது. மூன்றாவதற்கு விளக்கம் இல்லை.

கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்து, "மூணு பிள்ளையா அண்ணாச்சி?" என்று கேட்டார். தொண்ணூறு பேரும் மூன்று மடங்கு நேரம் நின்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் வார்டுக்குள் விட்டார்கள். அவள் படுத்திருந்தாள். நான் கட்டில் ஓரத்துச் சார்ட்டைப் படித்துக்கொண்டு நின்றேன்.

"மூணு தடவ கேட்டுச்சுப்பா" என்றாள். "கணக்குல தப்பு விடுற ஆளில்லையே நீங்க."

சார்ட்டில் இருந்த எழுத்து மங்கலாக இருந்தது. நர்ஸ்களுக்குக் கொஞ்சம் தெளிவாக எழுதப் பயிற்சி தரலாம். அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

மேசை மேல் ஒரு டம்ளர் பால் இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, "குடி" என்றேன். குடித்தாள்.

பத்தாவது மாதிரி: ஸ்டாப்வாட்சை அழுத்த மறந்துவிட்டேன். தரவு இல்லை.

மார்ச் 19, புதன்

காலையில் அலுவலகத்தில் முந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய் கட்டினேன், இரண்டு கூடுதல் இழுப்புகளுக்கு. சிஸ்டர் 'காணிக்கை' என்று ரசீது எழுதினார். காணிக்கை இல்லை, செலவு ஈடு என்று ஆட்சேபித்தேன். அடித்துவிட்டு என் விருப்பப்படி எழுதிக் கொடுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

மணி பற்றிய பரிந்துரையை மாற்ற வேண்டியதாயிற்று. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. மணியை நிறுத்தினால் ஒவ்வொரு பிறப்பையும் வார்டு வார்டாகப் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் தர வேண்டும், அது நூற்று எண்பத்தாறு ரூபாய்க்கு மேல் போகும். ஆகவே மணி தொடரலாம். கயிற்றை மட்டும் கொஞ்சம் இறுக்கிக் கட்டலாம்.

ஜெயந்தன் நேற்று இரவே வந்துவிட்டானாம். காலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கையில் பிளாஸ்க்கைக் கொடுத்து வெந்நீர் வாங்கி வரச் சொன்னேன்.

குழந்தையின் மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. காது இரண்டும் குணசீலனுடையவை. வளர வளர மாறும் என்கிறாள் லூர்தம்மாள். ஒன்றைக்கூட மன்னிக்கலாம், இரண்டையும் எப்படி?

மூன்று மாத விடுப்பு கேட்டு டைரக்டருக்கு விண்ணப்பம் அனுப்பினேன். தாயும் பிள்ளையும் மதுரை வந்து தாய்வீட்டில் தங்கினால் வீட்டில் ஆள் வேண்டும் அல்லவா. காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதினேன். அடுத்த நிமிடமே அனுமதி வந்துவிட்டது. ஏழு வருடத்தில் என் விண்ணப்பம் எதையும் குணசீலன் இவ்வளவு வேகமாகப் படித்ததில்லை. இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தால் பிடிபட்டுவிடும்.

குழந்தை அழுகிறது. பிறகு யோசிக்கலாம்.